எஃப்127 கரைசல்: சிதறலா, மைக்ரோஸ்கோப்பா? என் அனுபவம்

கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பல வருடங்களாகப் புளூரானிக் எஃப்127 என்ற பாலிமரின் கரைசலை அளந்து வருகிறேன். இதன் குடும்பத்துப் பொருள்கள் திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளுக்கும் புதிதல்ல. நுரை அதிகம் வராத வெட்டிங் ஏஜென்டாக (துணியை நன்றாக நனையவைக்கும் பொருளாக) அறிவார்கள். புதிதாகச் சேரும் மாணவர்கள் முதலில் படம் எடுக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். சிதறலில், அதாவது கதிரைப் பாய்ச்சி அது எப்படிச் சிதறுகிறது என்று அளப்பதில், ஆரம்பியுங்கள் என்பேன்.

எஃப்127 ஒரு பிளாக் கோபாலிமர், அதாவது வெவ்வேறு பாலிமர்த் துண்டுகள் ஒரே சங்கிலியாய் இணைந்தது. இரண்டு ஓரமும் நீரோடு ஒட்டும் பி.இ.ஓ. (பாலிஎத்திலீன் ஆக்சைடு), நடுவில் நீரை ஒதுக்கும் பி.பி.ஓ. (பாலிப்ரொப்பிலீன் ஆக்சைடு). ஃபிரிட்ஜில் 20 சதவீதக் கரைசல் தண்ணீராய் ஓடும். சூடேறினால் நடுப்பகுதிகள் கருவாக ஒன்றுகூடி, ஓரங்கள் உறையாகச் சூழ்ந்து, மைசெல் எனும் நுண்ணுருண்டைகளாகி, அவை நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அப்புறம் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாத ஜெல்தான். அதனால் கோவையின் ஏப்ரல் மாதத்தில் நோட்டில் 'அறை வெப்பநிலை' என்று எழுதுவதில் பயனில்லை, டிகிரியை எழுதுங்கள். போர்வெல் தண்ணீரும் வேண்டாம். சாதாரண உப்புகூட ஜெல்லாகும் வெப்பநிலையைக் கீழே இறக்கிவிடும்.

சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல் கருவியை நான் இவ்வளவு நம்புவதற்குக் காரணம், கரைசலைக் கரைசலாகவே பார்க்கிறது. கேபிலரி எனும் மெல்லிய குழாயில் மூடி, வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றலாம். சிதறல் வரைபடத்தில் மங்கலான மேடு கூர்மையான பீக்காக மாறும் இடத்தில் அடுக்கு உருவாவது தெரியும். முதல் பீக்கின் க்யூ மதிப்பால் (சிதறல் கோணத்திலிருந்து வரும் அளவு) 2π-ஐ வகுத்தால் தளங்களின் இடைவெளி கிடைக்கும். ஆனால் அகலமான இரண்டு பீக்கை வைத்து எந்தக் கனசதுர அடுக்கு என்று அடித்துச் சொல்லாதீர்கள். அதற்கு இந்தூரின் இண்டஸ்-2 போன்ற சின்க்ரோட்ரான் (மிக வலிமையான எக்ஸ்-கதிர் தரும் பெரிய கருவி) வேண்டும். கருவையும் உறையையும் பிரித்துப் பார்க்க கனநீரில் கரைத்து நியூட்ரான் சிதறல் செய்வார்கள். டிராம்பேயில் துருவா அணு உலையில் அந்த வசதி உண்டு.

மைக்ரோஸ்கோப்பில் நான் அதிகம் உட்காருவது முனைவாக்கிய ஒளியில் பார்க்கும் போலரைசிங் கருவியில். கனசதுர அடுக்கு இருட்டாகவே இருக்கும், அறுகோண அடுக்கு விசிறி விசிறியாய் ஒளிரும். ஒரே பார்வையில் பாதிச் சந்தேகம் தீரும்.

சாதாரண டெம் (ஊடுருவு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) கிரிட்டில் உலர்த்திப் பார்ப்பதை மட்டும் கைவிடுங்கள். உலர உலரச் செறிவு ஏறி, வேறொரு பொருளைப் படம் எடுப்பீர்கள். 2017 வேதியியல் நோபல் பெற்றுத் தந்த கிரையோ முறையில் மெல்லிய படலத்தைத் திரவ ஈத்தேனில் நொடியில் உறையவைக்கிறார்கள். அங்கும் நீர் ஊறிய பி.இ.ஓ. உறை சரியாகத் தெரியாது, கருதான் தெரியும். ஆகவே டி.எல்.எஸ். (இயங்கு ஒளிச்சிதறல்) காட்டும் அளவைவிடச் சிறியதாக வந்தால் கலங்க வேண்டாம். டி.எல்.எஸ். உறையையும் சேர்த்து அளக்கிறது.

வெளியூர்க் கருவிக்குப் போகும்போது கரைசலை பஸ்ஸில் கொண்டுபோகாமல், தூளை எடுத்துச் சென்று அங்கேயே குளிர்நீரில் கரையுங்கள்.