குப்பை வண்டி எடுக்காததை எங்கே கொடுப்பது?

வாசலுக்கு வரும் குப்பை வண்டி பேட்டரியை மறுப்பதில் நியாயம் இருக்கிறது. வண்டிக்குள் குப்பை நசுங்கும்போது ஒரு லித்தியம் பேட்டரி சிக்கினால் போதும், மொத்தமும் பற்றிக்கொள்ளலாம். அப்படியானால் வேறு எங்கே கொடுப்பது? மூன்று வழிகள் உண்டு.

காயலான் கடையில் காசு உடனே கைக்கு வரும். இரும்பு, பித்தளை, அலுமினியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே போடலாம். உலோகத்தைத் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம். ஆனால் ஒயரையும் பழைய போனையும் அங்கே கொடுக்க எனக்கு மனம் வராது. ஒரு ஒயரை நறுக்கிப் பாருங்கள், உறைக்குள் மயிரிழை மயிரிழையாகச் செம்பு தெரியும். அந்தச் செம்புக்காக ஒயரை அப்படியே கொளுத்துகிறவர்கள் உண்டு. பி.வி.சி. பிளாஸ்டிக் உறை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அதை முதலில் சுவாசிப்பது கொளுத்துகிறவர்தான். 2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம் மட்டுமே.

அதனால் போன், சார்ஜர், பேட்டரி எல்லாவற்றுக்கும் என் ஓட்டு, விற்ற கடைகளோ தயாரிப்பாளர்களோ வைக்கும் சேகரிப்புப் பெட்டிக்குத்தான். பெரும்பாலும் காசு கிடைக்காது, பரவாயில்லை. போனில் இருப்பதை அழித்துவிடுங்கள், பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுங்கள். போனின் பின்மூடி நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அதை அழுத்தாதீர்கள், பெட்டியிலும் போடாதீர்கள். அங்கிருக்கும் ஆளிடம் சொல்லிக் கையில் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, அபாயக் கழிவுக்கென்று தனியாக நடத்தும் சேகரிப்பு முகாம். எப்போதோ ஒரு நாள்தான் வரும், நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும். இருந்தாலும் மிச்சப் பெயின்ட், பூச்சிமருந்து, சி.எஃப்.எல். பல்பு மூன்றுக்கும் இதுதான் சரியான இடம். பூச்சிமருந்தை அதன் சொந்த பாட்டிலிலேயே கொண்டுபோங்கள், ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். வழியிலோ வீட்டிலோ உடைந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே இருங்கள். அப்புறம் கையுறை போட்டு, கெட்டி அட்டையால் அள்ளுங்கள்.

தெர்மோகோலை மட்டும் இந்த மூன்று இடத்திலும் அநேகமாக வாங்க மாட்டார்கள். அதில் 95 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று, ஏற்றிப் போகும் செலவுக்கே கட்டாது. உடையாமல் எடுத்து வைத்து அடுத்த பார்சலுக்குப் பயன்படுத்துங்கள்.