மார்த்தாண்டத்தில் ஒரு ஓ.இ.டி. கோச்சிங்: எதற்குச் சேரலாம், எதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்

நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்துக்குப் பேப்பர் தயார் செய்கிற பிள்ளைகள் குமரி மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதனால் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று எங்கே பஸ்ஸைவிட்டு இறங்கினாலும் ஓ.இ.டி. (நர்ஸ் போன்ற மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) கோச்சிங் போர்டு கண்ணில் படும். 'வெளிநாட்டு அனுபவமுள்ள ஆசிரியர்' என்ற வரியும் தவறாமல் இருக்கும். அந்த அனுபவத்தால் வகுப்பில் என்ன பிரயோஜனம் என்பதுதான் கேள்வி. மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் நடக்கும் சின்ன சென்டரை வைத்து அதைப் பார்க்கலாம். இங்கே இரண்டு டீச்சர்கள். ஒருவர் இங்கிலாந்தில் வார்டு நர்ஸாக இருந்தவர்; ரைட்டிங், ஸ்பீக்கிங் எடுக்கிறார். இன்னொருவர் சவூதியில் வேலை பார்த்தவர். லிசனிங், ரீடிங் அவர் பொறுப்பு.

இந்த சென்டரின் பெரிய பலம் ரைட்டிங். தேர்வில் 45 நிமிடம்: முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸ், அதாவது ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளை வாசிக்க, மீதி 40 நிமிடம் அவரை அடுத்துப் பார்க்கப்போகிறவருக்குக் கடிதம் எழுத. கடிதத்தின் உடல்பகுதி 180 முதல் 200 வார்த்தைக்குள் நின்றால் நல்லது. நம் பிள்ளைகள் கேஸ் நோட்ஸில் இருப்பதையெல்லாம் தேதி வரிசைப்படி கடிதத்தில் இறக்கிவிடுவார்கள். இந்த டீச்சர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதுகிறார்: 'இதை வாசிக்கிறவர் இதை வைத்து என்ன செய்வார்?' ஒரு பயிற்சிக் கடிதம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் 74 வயதுப் பெண்ணைப் பற்றி, வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸுக்கு எழுத வேண்டும். பழைய குடல்வால் ஆபரேஷன் அடித்துவிடப்படுகிறது. பெனிசிலின் அலர்ஜி நிற்கிறது. காயத்தில் தையலுக்குப் பதில் போட்ட ஸ்டேப்பிளை எடுக்க வேண்டிய தேதியும், இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி எதுவரை என்பதும் மேலே ஏறுகின்றன. தனியாக இருக்கிறார், குளியலறை மாடியில் என்பது கடைசிப் பத்தியிலிருந்து நடுவுக்கு வருகிறது. கடிதம் எதற்கு என்பது முதல் பத்தியிலேயே தெரிந்தாக வேண்டும். அதற்கென்றே தனி மதிப்பெண் உண்டு. இப்படிப்பட்ட கடிதத்தைக் கையில் வாங்கி வேலை செய்தவரால்தான் இவ்வளவு கறாராக வெட்ட முடியும்.

ஸ்பீக்கிங்கிலும் அதே கண். இரண்டு ரோல் பிளே (நீங்கள் நர்ஸாகவும் எதிரே இருப்பவர் நோயாளியாகவும் பேசுவது), ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம், அதற்கு முன் சூழ்நிலை எழுதிய கார்டைப் பார்க்க 3 நிமிடம். இலக்கணத்துக்கு மட்டுமல்ல, நோயாளியிடம் பழகும் விதத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் விவரத்தைக் கூட இருக்கிற மகனிடமோ மருமகளிடமோ சொல்லித்தான் பழக்கம். இங்கிலாந்தில் நோயாளியின் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் வாய் திறக்கக் கூடாது. இதை டீச்சர் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார். சொல்லும் முறையையும் மாற்றுகிறார்: முதலில் 'இதைப்பற்றி உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்க வேண்டும். பிறகு ஒரு விஷயம் சொல்லி நிறுத்தி, புரிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்தது. எடுத்த எடுப்பில் 'டோன்ட் வொரி' சொல்லத் தடை. நோயாளி எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்காமலே ஆறுதல் சொன்னால் அது பேச்சை வெட்டுவதுதான். இங்கிலீஷ்காரர் மாதிரி நாக்கை வளைக்கச் சொல்வதில்லை, அது மிகவும் நல்லது. பேசுவது தெளிவாகப் புரிந்தால் போதும், நம் ஊர் உச்சரிப்புக்கு மார்க் குறையாது.

சவூதி டீச்சரின் வகுப்பு வேறு மாதிரி. பிலிப்பினோ, எகிப்தியர், மலையாளி என்று பல நாட்டு ஆட்களோடு ஷிப்ட் பார்த்தவர். எந்த உச்சரிப்பு வந்தாலும் மருந்தின் பெயர், அளவு, நாள் ஆகியவற்றைப் பிடிக்கச் சொல்லித்தருவதில் கெட்டிக்காரர். லிசனிங்கில் மொத்தம் 42 கேள்வி, அதில் 24 'ஏ' பகுதியில். ஆடியோ ஒரே முறைதான். கேள்வித்தாளில் நிரப்ப வேண்டிய காலியிடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து, வரப்போவது எண்ணா அறிகுறியா என்று முன்கூட்டியே குறிக்கச் சொல்கிறார். இது பலன் தருகிறது. ஆனால் வளைகுடாவில் ஓடிய துண்டு ஆங்கிலமும் கூடவே வருகிறது: 'யூ டேக் திஸ், ஆஃப்டர் ஃபுட், ஓகே?' இவரோடு ஸ்பீக்கிங் பழகாதீர்கள்.

குறை ரீடிங்கில்தான். 'ஏ' பகுதி 15 நிமிடத்தில் 20 கேள்வி, நான்கு சிறு பத்திகள். இங்கே கடிகாரம் வைப்பதில்லை. ஒவ்வொரு பத்திக்கும் பொருள் சொல்லியே நேரம் போகிறது. அர்த்தம் தெரிந்த பிள்ளைகூட தேர்வில் பதினாலாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும். முதல் இரண்டு நிமிடம் தலைப்புகளையும் அட்டவணைகளையும் மட்டும் பார்த்து எது எங்கே இருக்கிறது என்று மனதில் வைக்க வேண்டும். பிறகு கேள்வியிலிருந்து பத்திக்குப் போக வேண்டும். விடையைப் பத்தியில் உள்ள சொல்லாகவே எழுதவும். ஸ்பெல்லிங் தப்பினால் மார்க் போயிற்று. வீட்டில் அலாரம் வைத்துத் தினம் ஒன்று செய்தாலே இந்தக் குறையைச் சரிக்கட்டலாம்.

இன்னொன்றை சென்டர் யோசிக்க வேண்டும். இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றுக்கும் 'பி' கிரேடு, அதாவது 350 மதிப்பெண் கேட்கிறது. ரைட்டிங்குக்கு 'சி பிளஸ்', 300 போதும். இங்கோ பாதி வகுப்பு ரைட்டிங்குக்கே போகிறது. ரைட்டிங் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 350 வேண்டிய ரீடிங்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது சரியில்லை.

எனவே ஏற்கெனவே எழுதி ரைட்டிங்கிலோ ஸ்பீக்கிங்கிலோ விட்டவர்களுக்கு இது பொருத்தமான இடம். முதல் முறை எழுதுகிறவர்கள் ரீடிங்குக்குத் தனி ஏற்பாடு செய்துகொண்டு சேரலாம். பணம் கட்டும் முன் திருத்திய கடிதம் ஒன்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சிவப்பு மை இலக்கணத்தில் மட்டும் ஓடியிருந்தால் அது எந்த சென்டராக இருந்தாலும் வேண்டாம். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை கடிதம் திருத்துவார்கள் என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.