பிள்ளைகளுக்குப் பயந்த கொள்ளைக்காரர்கள்

கடற்கொள்ளை நாவல் என்றதும் எல்லார் மனசிலும் ஒரே சாமான் பட்டியல்தான் ஓடும்: கிழிந்த வரைபடம், தோளில் கிளி, கட்டைக்கால், மணலுக்கடியில் ஒரு பெட்டி. பெரும்பாதி 1883இல் ஸ்டீவன்சன் எழுதிய ‘ட்ரெஷர் ஐலண்ட்’ போட்ட தடம். பள்ளிக்கூடத்தில் நான்-டீடெய்லாகச் சுருக்கிப் படித்தவர்களுக்கும் அது தெரியும். (அதிலேகூட ஜான் சில்வருக்குக் கட்டைக்கால் கிடையாது, கக்கத்தில் ஊன்றுகோல்தான். கட்டைக்காலை மாட்டிவிட்டது பின்னால் வந்தவர்கள்.) ரிச்சர்ட் ஹியூஸ் 1929இல் வெளியிட்ட ‘எ ஹை விண்ட் இன் ஜமைக்கா’வில் இந்தச் சாமான் எதற்கும் வேலை இல்லை. புதையலுக்காக இதை வாங்குகிறவர் ஏமாந்துதான் போவார்.

அடிமை முறை ஒழிந்தபின் பாழடைந்து கிடக்கும் ஜமைக்கா கரும்புத் தோட்டம் ஒன்றில் ஒரு ஆங்கிலேயக் குடும்பம். புயல் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. மிரண்டுபோன பெற்றோர் ஐந்து பிள்ளைகளையும் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுகிறார்கள், தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டும் கூட. வழியில் கொள்ளையரின் ஸ்கூனர் என்ற பாய்க்கப்பல் மறிக்கிறது. சரக்கை ஏற்றியதோடு, பிள்ளைகளையும் தங்கள் கப்பலுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுகிறார்கள். அதற்குள் இவர்கள் வந்த கப்பல் இருட்டோடு இருட்டாகக் கிளம்பிப் போய்விடுகிறது. ஏழு பிள்ளைகளும் கொள்ளைக்காரர் தலையில். இதுகளை எங்கே கொண்டுபோய் விடுவது? கொள்ளையர் கேப்டன் யோன்சனுக்கும் அவருக்கு அடுத்த நிலையிலிருக்கும் மேட் ஓட்டோவுக்கும் கடைசிவரை இதே தலைவலிதான்.

கொள்ளைத் தொழிலே நொடித்துப்போன காலம் அது. கிடைத்த சரக்கு சர்க்கரை, ரம், காப்பி, கூவைக்கிழங்கு மாவு. அதைக் கியூபாவில் ஒரு தூங்குமூஞ்சித் துறைமுகத்தில் ஏலம் விட்டுக் காசாக்க வேண்டியிருக்கிறது. படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் நிஜமும் இதற்குத்தான் கிட்டே. பிளாக்பியர்ட் என்ற நிஜக் கொள்ளைக்காரன் 1718இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே அடைத்துக்கொண்டு நின்று கேட்டது ஒரு பெட்டி மருந்து. இன்னொரு கொள்ளைக்காரனான பார்த்தலோமியோ ராபர்ட்ஸ் கப்பலின் சட்டப்படி கேப்டனுக்கே இரண்டு பங்குதான், பீரங்கிக்காரனுக்கு ஒன்றரை. வள்ளத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிக்கும் தூத்துக்குடிக் கரையின் மணப்பாடு, புன்னைக்காயல் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தெரியாது. மற்ற நாவல்கள் இந்த வியாபாரத்தை மறைத்துவிட்டு வாளை மட்டும் காட்டும். ஹியூஸ் வாளை ஒதுக்கிவிட்டு வியாபாரத்தைக் காட்டுகிறார்.

ஆபத்து வரும் திசைதான் இதைத் தனியாக நிறுத்துகிறது. வழக்கமான கதையில் கொள்ளையர் கையில் பிள்ளைகள் அகப்படுவார்கள். இங்கே பிள்ளைகள் கையில் கொள்ளையர். அது எப்படி நடக்கிறது என்ற சூத்திரம் அத்தனை துல்லியம். கதை தெரிந்தால் ருசி போய்விடும் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

ரேச்சல் என்ற சின்னவள் பொம்மை இல்லாமல் கையில் கிடைத்ததையெல்லாம் பிள்ளையாக்கித் தாலாட்டுகிறவள். கயிற்றுப் புரிகளைப் பிரிக்கும் இரும்பு முளை ஒன்றையும் அப்படித்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு பாய்மரம் ஏறுகிறாள். அது கைதவறி விழுந்து, கீழே நின்ற அக்கா எமிலியின் கெண்டைக்காலைக் கிழிக்கிறது. பத்து வயது எமிலி கேப்டன் அறையில் படுக்கையில் விழுகிறாள். அந்தச் சமயத்தில் ஒரு டச்சுக் கப்பல் பிடிபடுகிறது. அதில் கூண்டு மிருகங்கள் இருப்பதைக் கண்டு, சிங்கத்தையும் புலியையும் சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்க்கக் கொள்ளையர் கூட்டமாய் அங்கே போய்விடுகிறார்கள். (கடல் மயக்கத்தில் இரண்டும் சுருண்டு படுத்துக்கொள்ளும். புத்தகத்தின் ஆகச்சிறந்த நகைச்சுவை அது.) டச்சுக் கேப்டனைக் கட்டி எமிலி படுத்திருக்கும் அறைத் தரையில் போட்டிருக்கிறார்கள். கட்டை அறுக்க, தரையில் கிடக்கும் கத்தியை நோக்கி அவர் உருள்கிறார். அவர் பாஷை எமிலிக்குப் புரியவில்லை. பயத்தில் அவளே கத்தியை எடுத்துவிடுகிறாள். ஒரு குழந்தையின் பொம்மையில் ஆரம்பித்தது தூக்குமேடையில் போய் நிற்கிறது. நடுவில் ஒரு கண்ணியைக்கூடத் தற்செயல் என்று நீங்கள் தள்ள முடியாது, ஒவ்வொன்றும் அந்தந்த ஆளின் சுபாவத்திலிருந்து வருகிறது. விளையாட்டுப் புத்தி கொள்ளையருக்கும் இருக்கிறது பாருங்கள், அதுதான் அவர்களுக்கு வினை.

இதை நம்பும்படி செய்வது பிள்ளைகளின் கணக்கை ஹியூஸ் சரியாகப் பிடித்திருப்பது. புயலில் வீடு போனது எமிலிக்குப் பெரிதில்லை. வளர்த்த பூனை டாபியைக் காட்டுப்பூனைகள் விரட்டிக்கொண்டு போனதுதான் அவள் நெஞ்சில் கிடக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தை ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்டால் சுவர் இடிந்ததையா முதலில் சொல்லும், கோழிக்குஞ்சு போனதையா? இன்னொரு இடம்: கப்பலின் அணியத்தில், நங்கூரம் இழுக்கும் உருளைக்குப் பின்னால் வீடு கட்டி விளையாடும் எமிலிக்குத் திடீரென்று ‘நான் நான்தான்’ என்று உறைக்கிறது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், சட்டையிலிருந்து தோளை விலக்கி உடம்பு உள்ளேயும் தொடர்கிறதா என்று சோதிக்கிறாள். கொள்ளைக் கப்பலில் நடக்கும் மிகப் பெரிய சம்பவம் என்று பார்த்தால் இதுதான்.

மூத்தவன் ஜானுக்கு நேர்வதை ஆசிரியர் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுவார். மறுநாளிலிருந்து மற்ற பிள்ளைகள் அவன் பேரையே எடுப்பதில்லை. வேகமாகப் படிக்கிறவர் அந்த இடத்தைத் தவறவிட்டு, பத்துப் பக்கம் தாண்டி ‘ஜான் எங்கே?’ என்று திரும்பி வருவார். மார்கரெட் என்ற பெரிய பெண்ணுக்கு நடப்பதோ சொல்லாமலே சொல்லப்படுகிறது. ஓட்டோவின் பெயர் வரும் வரிகளை நிதானமாகப் படித்தால் விளங்கிவிடும், விளங்கியபின் ஓட்டோவை வெறும் கோமாளியாகப் பார்க்க முடியாது.

நம் கரைக்காரருக்கு இந்த நாவல் இன்னும் ஒருபடி கூடுதலாகவே உறைக்கும். கொள்ளைக்காரன் யார் என்பதை எழுதுகிறவன்தான் தீர்மானிக்கிறான். 1553இல் புன்னைக்காயலைத் தாக்கிய மலபார்க் கப்பல்கள் போர்த்துகீசியர் ஏட்டில் கொள்ளையர். குஞ்ஞாலி மரைக்காயர்களும் அந்த ஏட்டில் கொள்ளையர்தான், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரிக்கோ கடற்படைத் தளபதிகள். நாவலில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிய கேப்டன் மார்ப்போல், எல்லாரையும் கொன்றுவிட்டார்கள் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு லண்டன் நீதிமன்றத்தில் கொள்ளையர் மீது வழக்கு. வக்கீல் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துவந்த எமிலி, ஒரு கேள்வியில் உடைந்து கத்துகிற சில சொற்கள் போதும். அவள் பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களுக்கு ஈடாக எந்தக் கடற்போர் வர்ணனையையும் சொல்ல முடியாது.

குறையும் உண்டு. முதல் அத்தியாயம் பொறுமையைச் சோதிக்கும், கப்பல் கண்ணில் படவே நேரமாகும். கறுப்பினத்தாரைப் பற்றிய சொற்கள் 1929இன் ஆங்கிலேயர் வாய்ச் சொற்கள், சில இடத்தில் முகம் சுளிக்க வைக்கும். வேலை செய்யும் மக்களைத் தோட்டத்து மரம்போல எழுதிவிட்டுப் போகிறார், அதற்குச் சமாதானம் சொல்ல வழியில்லை. ஆங்கிலம் கடினமில்லை. இடறுவது கப்பல் சொற்கள்தான். ஸ்கூனரின் பாய்கள் கப்பலின் நீளவாக்கில் கட்டியவை, காற்று வரும் திசைக்கு நெருக்கி ஓடும். பிள்ளைகள் வந்த ‘பார்க்’ வகைக் கப்பலில் முன் இரண்டு மரங்களில் குறுக்குப் பாய். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் துரத்தும் இடங்கள் சிக்கலில்லாமல் ஓடும்.

1965இல் அந்தோணி க்வின் நடித்துப் படமாகவும் வந்தது. ஜானாக வரும் பையன் பின்னாளில் நாவலாசிரியரான மார்ட்டின் ஏமிஸ். படம் பார்த்தாயிற்று என்று புத்தகத்தை விட்டுவிட வேண்டாம், அந்தச் சொல்லாமல் சொல்லும் வித்தை திரையில் ஏறவில்லை. எந்தப் பதிப்பு வாங்கினாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். வீட்டில் பத்து வயசுப் பிள்ளை இருந்தால் அட்டையில் கப்பலைப் பார்த்ததும் கை நீட்டும். மேல் தட்டில் வையுங்கள்.