அட்டெண்டர் யாரு?

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, இடது பக்கத்துக் கட்டியையும் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, ஒரு மாதம் ஆன பிறகுதான் எனக்கு லீவு கிடைத்தது. கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் போர்ட் என்ற சின்னக் கருவியை வைக்கும்போதும் முதல் கீமோவின்போதும் கூட இருக்கலாம் என்று மான்செஸ்டரிலிருந்து மூன்று வாரத்துக்குக் கிளம்பினேன். பொங்கல் முடிந்த நான்காம் நாள் மீனம்பாக்கத்தில் இறங்கினேன்.

சென்னை ஆஸ்பத்திரிகள் எப்படி என்று இங்கே நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. இங்கிலாந்தில் அவசரம் என்று எழுதிக் கொடுத்ததிலிருந்து 62 நாளுக்குள் புற்றுநோய் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது இலக்கு, அதையே எட்ட முடியாமல் திணறுகிறார்கள். அக்காவுக்குத் திங்கள் எக்கோ, செவ்வாய் ரத்தப் பரிசோதனை, புதன் போர்ட். கீமோவில் வரும் சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் எக்கோ பார்க்காமல் தொடங்கமாட்டார்கள். அதையெல்லாம் ஒழுங்காகவே செய்தார்கள்.

ஆனால் எந்தக் கவுன்டருக்குப் போனாலும் முதல் கேள்வி, “அட்டெண்டர் யாரு?”

நோயாளிக்குத் துணையாக வந்தவரைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். நான் கையைத் தூக்குவேன். அப்புறம் பேச்செல்லாம் என்னோடுதான். மாமாவுக்கு முழங்கால் வலி, வீட்டிலேயே இருந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் அக்கா, மடியில் ஃபைல். டாக்டரும் என்னைப் பார்த்தே சொன்னார்: நாலு தடவை மூணு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு பன்னிரண்டு வாரம் வாரா வாரம், மொத்தம் பதினாறு. அக்குள் முடிச்சுகளை எடுத்ததால் இடது கை நரம்பில் இனி ஊசி குத்தக்கூடாது, வலது கை மட்டும் இத்தனையைத் தாங்காது, அதனால் போர்ட். “ஓகே சார்?” என்றார். நானும் ஓகே என்றேன்.

அக்காவுக்குக் கீமோவைவிட போர்ட்தான் பயம். உள்ளே ஒரு பொருள் ஆறு மாதத்துக்கு மேல் கிடக்கும் என்பதே அவளுக்கு ஒப்பவில்லை. “நெஞ்சுல மிஷின் வைக்கிறாங்களாமே” என்று ஒரு சித்தி போனில் இழுத்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து பழைய வங்கி டைரிகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள். “படபடன்னு இருக்குடா” என்பாள். நான் ஒரு நல்ல தம்பியாக, “ஒண்ணும் இல்லக்கா, சின்ன விஷயம்” என்பேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஒப்புதல் படிவம் வந்தது. ஆங்கிலத்தில் நாலு பக்கம். ஊழியர் பேனாவோடு என்னிடம் நீட்டினார். அக்கா முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுன்டரில் இருந்தவள். படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “உடம்பு என்னோடது, கையெழுத்து இவனோடதா? படிக்காம கையெழுத்துப் போடுறவங்கள நான் முப்பது வருஷமா திட்டிட்டு இருக்கேன்” என்றாள். ஊழியர் திரும்பவும் என்னைத்தான் பார்த்தார். அக்கா அரைமணி நேரம் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நுரையீரலில் காற்று கசியலாம், ரத்தம் கட்டலாம், கிருமி தொற்றலாம் என்று அதில் வரிசையாக இருந்தது. படித்து முடித்தபோது அவள் கை நடுங்கியது. விளக்கம் சொல்ல ஆளைக் கேட்டாள்.

வந்தவர் நாகர்கோவில் பக்கத்துச் சிஸ்டர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தார். கையில் ஒரு மாதிரி போர்ட். பத்து ரூபாய் நாணயம் அகலம், அதைவிட நல்ல தடிமன், நடுவில் சிலிகான் மூடி, பின்னால் மெல்லிய குழாய். “அம்மா, உங்க தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி வருமா?” என்று கேட்டார்.

“வரும்.”

“குடம் குடமா உள்ள கொண்டுபோவீங்களா, இல்ல நேரா சம்ப்புல குழாய விடுவாங்களா?”

“சம்ப்புலதான்.”

“அதே மாதிரிதாம்மா. இது சம்ப்பு மூடி. தோலுக்கு அடியில இருக்கும். குழாய் கழுத்து நரம்பு வழியா இதயத்துக்குப் பக்கத்துல பெரிய ரத்தக்குழாய்க்குப் போகுது. அங்க ரத்தம் வேகமா ஓடுறதால மருந்து உடனே கலந்துடும். சின்ன நரம்பு எரியாது. சிவப்பு மருந்து கையில வெளிய கசிஞ்சா தசையே வெந்துடும், அதுக்குத்தான் இவ்வளவு பாடு.”

அக்கா அந்த மூடியை விரலால் பத்து தடவை அழுத்திப் பார்த்தாள். சாதாரண ஊசி போட்டால் சிலிகான் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்துவிடும், இதற்கென்று நுனி வேறுவிதமாகச் செய்த ஹியூபர் ஊசிதான் வேண்டும் என்றார் சிஸ்டர். அந்த ஊசியை ஒவ்வொரு முறையும் நாம்தான் பார்மஸியில் வாங்கித் தரவேண்டும். முன்கூட்டியே இரண்டு வாங்கி வையுங்கள், முதல் வாரமே எங்களுக்கு ‘ஸ்டாக் இல்ல சார்’ ஆகிவிட்டது. யுபிஐ இல்லாமல் கார்டை நீட்டிக்கொண்டு நான் மூன்று கடை ஏறியிறங்கியது தனிக் கதை.

அன்றைக்கு ராத்திரி அக்கா தூங்கினாள். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் டைரியை எடுக்கவில்லை.

புதன்கிழமை வலது காறை எலும்புக்குக் கீழே வைத்தார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, லேசாக மயக்கம் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்ததாம், வலி தெரியவில்லையாம். டாக்டர்கள் பேசிய மனை விலை வரைக்கும் காதில் விழுந்திருக்கிறது. குழாய் சரியான இடத்தில் நிற்கிறதா, நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்புறம் நாலு நாள் போர்ட்டைவிடக் கழுத்துதான் அதிகம் வலித்தது. அங்கேயும் ஒரு சின்ன வெட்டு இருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மறுநாள் காலை பத்துக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள். இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்து பில் கைக்குக் கிடைத்தபோது மாலை ஐந்தரை.

உடுப்பு விஷயத்தையும் சொல்லவேண்டும். கழுத்து ஏறின ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போர்ட்டுக்கு ஊசி குத்த முடியாது. கீமோ வார்டில் பாதிப் பேர் முன்பக்க ஜிப் வைத்த நைட்டி, மேலே ஒரு துப்பட்டா. அக்காவுக்காக ரங்கநாதன் தெருவில் நாலு நைட்டி வாங்கினேன், வாழ்க்கையில் முதல்முறையாக. கனமான தாலிச் சங்கிலி போர்ட் மேட்டில் உரசியதால் மஞ்சள் கயிற்றுக்கு மாறினாள். முடியைப் பற்றிக் கேட்டால், “திருப்பதிக்கு வேண்டிக்கிட்ட மொட்டை ஒண்ணு பாக்கி இருக்கு, பெருமாள் வட்டியோட வசூல் பண்றார்” என்றாள்.

முதல் கீமோவுக்கு ஆட்டோவில் போனோம். போரூரில் மெட்ரோ வேலை, கத்திப்பாராவில் நெரிசல். ஊசி குத்தும் இடத்தை மரக்கவைக்கும் கிரீம் ஒன்று உண்டு, ஒரு மணி நேரம் முன்னால் தையல்மேல் படாமல் தடவி பிளாஸ்டிக் தாளால் மூடவேண்டும். வீட்டு வாசலில் தடவினால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது சரியாக மரத்திருக்கும். சென்னை டிராபிக்கால் எனக்குத் தெரிந்து விளைந்த ஒரே நன்மை.

ஆட்டோக்காரர் ஃபைலைப் பார்த்து, “அடையாறா?” என்றார். எங்கள் சிறுவயதில் அந்தச் சொல்லை வீட்டில் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ‘அவரை அடையாறுக்குக் கூட்டிட்டுப் போறாங்க’ என்றால் நோயின் பெயரைச் சொல்லவே வேண்டாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிவைத்த புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் இடம். வசதியில்லாதவர்கள் எத்தனையோ பேருக்கு இன்றும் அதுதான் கதி. “இல்லப்பா, வேற ஆஸ்பத்திரி. ஆனா அதேதான்” என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தாமல்.

அன்று சிவப்பு மருந்து ஏறும்போது அவள் கண்ணை மூடவில்லை. ரத்தப் பரிசோதனைப் பையன் பிபி பார்க்க இடது கையில் பட்டையைச் சுற்ற வந்தபோது அவளே தடுத்தாள். சிறுநீர் சிவப்பாகப் போனபோதும் பதறவில்லை, சிஸ்டர் முந்தியே சொல்லியிருந்தார். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நடு ராத்திரியானாலும் வரவேண்டும் என்று அவர் தமிழில் எழுதிக் கொடுத்த தாள் இப்போது பிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

நான் மான்செஸ்டர் திரும்பி இரண்டாம் நாள், அதிகாலை நாலு மணிக்கு என் இந்திய சிம்மில் அழைப்பு. பதறி எடுத்தேன். ஆஸ்பத்திரிதான். அடுத்த கீமோவுக்கு முன்னால் பேஷண்ட் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரவேண்டுமாம். நான் ஊரில் இல்லை, இனி அக்காவிடமே பேசுங்கள் என்று அவள் எண்ணைச் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, ஒரு கணம் நிறுத்தினார்.

“சார், இது பேஷண்ட் நம்பராச்சே?”