பிக் சர் போக மோட்டார் ஹோம் எடுக்கிறீர்களா? கூரையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கலிஃபோர்னியாவின் ஹைவே 1 பிக் சர் பகுதியில் 2026 ஜனவரியில் மறுபடி முழுதாகத் திறந்துவிட்டது. 2023 ஜனவரியில் பால்ஸ் ஸ்லைடு என்ற இடத்தில் மலை சரிந்த நாளிலிருந்து, கார்மலில் கிளம்பி கடலோரமாகவே கேம்ப்ரியா வரைக்கும் போவது யாருக்கும் வாய்க்கவில்லை. ஒரு சரிவைச் சீர் செய்வதற்குள் 2024 பிப்ரவரியில் ரீஜென்ட்ஸ் ஸ்லைடு என்று அடுத்தது வந்தது. இப்போது திறந்த செய்தி கேட்டதும், எங்கள் நண்பர்கள் குழு முழுக்க "கோடை லீவுக்கு ஒரு ஆர்வி எடுத்துட்டுப் போயிடலாமா" என்ற பேச்சுதான். ஆர்வி என்றால் படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம். தாராளமாகப் போங்கள், அந்தச் சாலைக்கு ஈடு கிடையாது. ஆனால் 2025 கோடையில் ஒரு வாடகை நிறுவனத்திடம் நாங்கள் பட்ட பாட்டை ஒரு முறை படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகளையும் சேர்த்தால் காரில் இடம் போதாது, மாமியாருக்கு அடிக்கடி பாத்ரூம் வேண்டும். மோட்டார் ஹோம்தான் தோது என்று முடிவானது. வாகன வாடகையோடு 349 டாலருக்கு "கடலோரப் பயணத் திட்டம்" என்று ஒன்றையும் அந்த நிறுவனம் விற்றது. வழித்தடமும் கேம்ப்கிரவுண்ட் முன்பதிவும் அவர்கள் பொறுப்பு. மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்பே இடம் திறந்து, நல்ல இடமெல்லாம் அன்றைக்கே போய்விடும் என்பதால் அது நியாயமான விலையாகத்தான் பட்டது.

அந்தத் திட்டத்தில் ஒரு ராத்திரி ஃபைஃபர் பிக் சர் ஸ்டேட் பார்க்கில். மறுநாள் ராத்திரி தெற்கே கிர்க் கிரீக் கேம்ப்கிரவுண்டில். "தூரம் 28 மைல், ஒரு மணி நேரம், வழியில் மெக்வே அருவி" என்று அழகாக அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த 28 மைலுக்கு நடுவில் சாலையே கிடையாது! எஸலென் என்ற இடத்துக்குத் தெற்கே ஏழு மைல் சுமாருக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாக மூடிக் கிடந்தது. வடக்கிலிருந்து வந்தால் மெக்வே அருவியைப் பார்க்கலாம், அதோடு திரும்பிவிட வேண்டியதுதான். கிர்க் கிரீக் போவதென்றால் மான்டெரிக்கே ஏறி, சாலினாஸ் வந்து, யுஎஸ் 101 பிடித்து பாசோ ரோபிள்ஸ், அங்கிருந்து ஹைவே 46 வழியாக கேம்ப்ரியா, பிறகு மறுபடி வடக்கே. 200 மைலுக்கு மேல். மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ் நடத்தும் குவிக்மேப் என்ற சாலை நிலவர வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் இது, அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா?

ஃபோன் போட்டால், "சாலை நிலவரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்றார்கள். திடீரென்று மலை சரிந்தால் அந்த வரி நியாயம். மூடியிருக்கும் சாலையின் மேல் கோடு போட்டுக் காசு வாங்குவதற்கும் அதே வரியா? கிர்க் கிரீக் முன்பதிவுப் பணம் போனது. ஒரு நாளைக்கு 100 மைல்தான் இலவசம் என்பதால், சுற்றிப் போன மைலுக்கெல்லாம் தனிக் கட்டணமும் சேர்ந்தது. இதுகூடப் போகட்டும். பெரிய வேலை கூரையில்தான் இருந்தது.

வண்டியை எடுக்கப் போன அன்று மாமனாரும் கூட வந்தார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து டயரைப் பார்த்தார், பின்பக்க ஏணியைக் கண்டதும் ஏறக் கால் வைத்துவிட்டார். கவுன்ட்டரில் இருந்த பையன் ஓடி வந்தான். வாடிக்கையாளர் ஏணியில் ஏறக் கூடாதாம், இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாதாம். அவன் நீட்டிய சேதப் படிவத்தில் வண்டியின் நான்கு பக்கமும் படமாக இருந்தன, கீறல் இருந்தால் வட்டம் போட வேண்டும். கூரைக்குப் படமே இல்லை. "மேலே பார்க்க வேண்டாமா?" என்று நானே கேட்டேன். "அதெல்லாம் சுத்தமாக இருக்கிறது, நான்கு பக்கம் போதும்" என்றான். மாமனார் அப்போதே முணுமுணுத்தார்: "மேல ஏற விடலன்னா மேலதான் மாப்ளே விஷயம் இருக்கு."

இன்சூரன்ஸ் பக்கமும் இதே கதைதான். "முழுப் பாதுகாப்பு" என்று ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என வாங்குகிறார்கள். மோட்டார் ஹோம் வாடகையில் பெரும்பாலும் அந்த "முழு"வுக்குள் கூரை வராது, வண்டியின் அடிப்பாகம் வராது, பக்கவாட்டில் விரியும் பந்தல் வராது. உயரமான வண்டிக்கு எங்கெல்லாம் அடிபடுமோ அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் பாதுகாப்பு. உங்கள் கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் இன்சூரன்ஸும் பொதுவாக மோட்டார் ஹோமைச் சேர்ப்பதில்லை. கார்டு கம்பெனியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது வேறு யாருக்காவது உதவும். இந்த வண்டிகளில் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, உள்ளே வீட்டுச் சமாச்சாரத்துக்கு வேறு பேட்டரி. டெலிவரி கொடுக்கும்போது பையன் உள்ளே பலகையில் ஒரு பட்டனை அழுத்தினான், எல்லா விளக்கும் எரிந்து "முழு சார்ஜ்" என்று காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? வண்டியின் கேபிள் அப்போது அவர்கள் யார்டு பிளக்கில் சொருகியிருந்தது. சார்ஜரின் 13 சொச்சம் வோல்ட்டைத்தான் பலகை காட்டுகிறது, பேட்டரியின் யோக்கியதையை அல்ல.

ஃபைஃபர் பூங்காவில் மின் இணைப்பு கிடையாது. ரெட்வுட் மரங்களுக்கு நடுவில் இருட்டியதும் விளக்கு மங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பம்ப் நின்றது, அதோடு கழிவறையும் போயிற்று. ஹீட்டர் புரொபேன் வாயுவில் எரிவதுதான், ஆனாலும் காற்றைத் தள்ளும் ஃபேன் பேட்டரியில் ஓடுகிறது, அதனால் அதுவும் நின்றது. ஜெனரேட்டரைப் போடலாமென்றால் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் இரவு 8 முதல் காலை 10 வரை ஜெனரேட்டருக்குத் தடை. கோடையிலும் அந்தப் பக்கம் ராத்திரியில் நல்ல குளிர். யாருக்காக இந்த வண்டி எடுத்தோமோ அந்த மாமியார், டார்ச் வெளிச்சத்தில் பூங்காவின் பொதுக் கழிவறைக்கு நடந்தார். "பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தாகூட லைட்டு இருந்திருக்கும்" என்று அவர் சொன்னது இன்றைக்கும் வீட்டில் ஓடுகிறது.

வண்டி எடுக்கும்போது வெளி கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். உள்ளே எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டு அரை மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு வோல்ட்டேஜைப் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 சுமாருக்கு இருந்தால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். லோடு இருக்கும்போது கொஞ்சம் இறங்கும், அது சகஜம். அந்த அரை மணிக்குள் 12க்குக் கீழே சரிந்தால் அந்த வண்டி வேண்டாம். ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் படிவத்தில் உண்மையான எண்ணைவிடக் குறைவாக எழுதி, நாங்கள் ஓட்டாத மணிகளுக்கும் காசு கேட்டார்கள். படம் இருந்ததால் பில்லில் அந்த வரியை மட்டும் வாயை மூடிக்கொண்டு நீக்கினார்கள்.

சாலையில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வடக்கிலிருந்து தெற்கே ஓட்டினால் கடல் உங்கள் வலப்பக்கம், நிறுத்துமிடங்களில் நேராக நுழைந்துவிடலாம். நீளமான வண்டிக்கு அது பெரிய நிம்மதி. பின்னால் ஐந்து வாகனம் சேர்ந்துவிட்டால், இருவழிச் சாலையில் ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பியத்ராஸ் பிளாங்காஸில் யானை சீல்கள் மணலை வாரி முதுகில் போட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் நகர மறுத்துவிட்டார்கள். தாழ்வான பாலம், கூரை வைத்த பெட்ரோல் பங்க், வளைந்த மரக்கிளை என்று எதைக் கண்டாலும் மாமனார் இறங்கி முன்னால் போய் நின்று கை காட்டுவார். வண்டியின் மேல் ஒரு இலைகூட உரசவில்லை.

திருப்பிக் கொடுத்த அன்று அதே பையன், அதே ஏணியில், கேமராவோடு விறுவிறுவென்று ஏறினான். இறங்கி வந்து ஒரு படத்தைக் காட்டினான். முன்பக்கம், டிரைவர் தலைக்கு மேலே படுக்கை வருகிற மூலையில், கூரையின் ரப்பர் விரிப்பு ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. "மரக்கிளை." மதிப்பீடு 3,280 டாலர். 1,500 டாலர் வைப்புத் தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு, மீதிக்கு பில் அனுப்பினார்கள். கழிவுத் தொட்டி காலியாக இல்லை என்று 150 டாலர் தனி. அந்தத் தொட்டி சென்ஸார்கள் கழுவிவிட்டாலும் பாதி என்று காட்டுவது ஆர்வி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த கதை, அதற்குள் போகவில்லை.

படத்தை வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்தார். "மாப்ளே, இந்தக் கிழிசலோட ஓரம் பாருங்க. மேல பசை ஓடியிருக்கு. பசை காஞ்சு, வெடிச்சு, வெடிப்புக்குள்ள அழுக்கு ஏறிக் கிடக்கு. நேத்து கிழிஞ்சதுக்கு மேல போன வருஷத்துப் பசை எப்படி வரும்?" உண்மைதான். யாரோ எப்போதோ கிழித்து, சீலன்ட் பூசி ஒட்டி, அது மறுபடி விட்டுக்கொண்ட இடம். இதற்கு முன்னால் எத்தனை குடும்பத்திடம் இதே மூலையைக் காட்டிக் காசு வாங்கினார்களோ.

அடுத்த தடயம் மாமியாரிடம் இருந்தது. வண்டியை எடுத்து ஒரு மணி நேரத்தில் சாமான் ஏற்ற வீட்டுக்கு வந்திருந்தோம். தன் தங்கைக்கு அனுப்புவதற்காக மாடி பால்கனியிலிருந்து அவர் வீடியோ எடுத்திருந்தார். அதில் கூரையின் முன்மூலையில் அந்த வெள்ளைப் பசைக் கோடு பளிச்சென்று தெரிகிறது. ஃபோனில் இருக்கும் அசல் கோப்பில் எடுத்த தேதியும் நேரமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போன நகலில் அந்த விவரம் இருக்காது, ஆகவே அசலை அழிக்காதீர்கள்.

கார்டு கம்பெனியில் புகார் செய்தோம். அமெரிக்கச் சட்டப்படி, ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் பில்லை எழுத்து மூலம் மறுக்கலாம். பணத்தைத் தற்காலிகமாகத் திருப்பிப் போட்டார்கள். நிறுவனம் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை அனுப்பியதும், ஜெனரேட்டர் கட்டணம் நீங்கலாக மற்றதைக் கார்டு கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. கூரையே இல்லாத படிவத்தில் "கூரையில் சேதம் குறிப்பிடப்படவில்லை" என்பது வாடகை நிறுவனத்தின் வாதம்!

பிறகுதான் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டுக்குப் போனோம். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். தாக்கல் கட்டணம் தொகையைப் பொறுத்து 30 முதல் 75 டாலர். விசாரணையில் இரண்டு பக்கத்துக்கும் வக்கீல் வைக்க முடியாது என்பது நம்மைப் போன்றவர்களுக்கு வசதி. கம்பெனி சார்பில் நோட்டீஸ் வாங்கும் ஏஜென்ட் யார் என்பது மாநிலச் செயலர் அலுவலக இணையதளத்திலேயே கிடைக்கும், யார்டு முகவரிக்கு அனுப்பி ஏமாறாதீர்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அதே வாரம் ஃபோன் வந்தது. பாதிப் பணம் தருகிறார்களாம், இதைப் பற்றி எங்கேயும் எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். மாட்டேன் என்றுவிட்டேன். விசாரணை அடுத்த மாதம். மாமனார் ஊரிலிருந்து கையெழுத்திட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார், பஸ் கூரையில் பசை எப்படி வெடிக்கும் என்பதுதான் முக்கால்வாசி.

இந்தக் கோடைக்கு வண்டி தேடும் நண்பர் ஒருவருக்கு ஒரு யோசனை சொன்னேன். முன்பணம் கட்டும் முன், "டெலிவரி அன்று எடுத்த கூரைப் படம் தேதியோடு வேண்டும், இல்லையென்றால் உங்கள் ஆள் ஒருவர் என் கண் முன்னால் ஏறி என் ஃபோனில் எடுத்துத் தர வேண்டும்" என்று இரண்டு கம்பெனிக்கு மின்னஞ்சல் போடச் சொன்னேன். ஒருவர் அன்று மாலையே சம்மதம் எழுதி, கூடவே அவர்களுடைய படிவத்தையும் அனுப்பினார். அதில் கூரைக்கும் ஒரு படம் இருந்தது. இன்னொரு கம்பெனி மூன்று முறை ஃபோன் செய்து தள்ளுபடி தருகிறேன் என்றதே தவிர, மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் போடவே இல்லை.