சர்வர் உயிரோடிருந்த நாளில் காட்டிய செயல்விளக்கம்: பேக்கப் ஒப்பந்தம் போடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஈரோட்டில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்திவருகிறேன். எட்டுக் கணினிகள், ஒரு சர்வர். ஏறத்தாழ அறுபது வாடிக்கையாளர்களின் டேலி கணக்குகள் அந்தச் சர்வரின் டி டிரைவில் இருந்தன. ஆண்டுக்கு 36,000 ரூபாய்க்கு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்த கணினி நிறுவனம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேலும் 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 'நெட்வொர்க் பூட் ரீஸ்டோர்' என்றோர் ஏற்பாட்டைச் செய்து தந்தது: வட்டு போன கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பி, சேமித்து வைத்த நகலிலிருந்து மீட்பது. கடந்த ஆகஸ்டில் அது எங்களைக் கைவிட்ட விதத்தை, இதே ஏற்பாட்டை வைத்திருப்பவர்களும் வாங்க எண்ணியிருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

வேலை முடிந்த நாளில் செயல்விளக்கம் காட்டினார்கள். வரவேற்பு மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கை எங்கள் கண்முன்னே சுத்தமாகத் துடைத்துவிட்டு, மறுபடி இயக்கி எஃப்12 விசையை அழுத்தினார் அவர்களுடைய பையன். கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடின. நெட்வொர்க்கில் இணைத்திருந்த நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியிலிருந்து இமேஜ், அதாவது வட்டை அப்படியே எடுத்து வைத்த நகல், இறங்கத் தொடங்கியது. டீ வாங்கி வந்து குடித்து முடிப்பதற்குள் பழைய விண்டோஸும், பழைய பிரிண்டரும், திரையிலிருந்த முருகன் படமும் வந்து நின்றன. "சர்வருக்கும் இதேதானுங்களா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் இதேதானுங்க சார்" என்றார் உரிமையாளர். அந்தப் பதிலோடு திருப்தியடைந்து கையெழுத்திட்டதுதான் நான் செய்த முதல் பிழை.

ஆகஸ்ட் 16ஆம் தேதி மாலை சர்வரின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தமிட்டு நின்றுவிட்டது. சி, டி இரண்டும் அந்த ஒரே வட்டின் பிரிவுகள். மாதாந்தர ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20ஆம் தேதி. தவறினால் ஒவ்வொரு கணக்குக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. மறுநாள் காலை புது வட்டோடு வந்த பையன், அதைப் பொருத்தி எஃப்12 அழுத்தினார். திரை சற்று நேரம் காத்திருந்துவிட்டு 'பிஎக்ஸ்இ-இ51' என்ற பிழையைக் காட்டி நின்றது. மூன்று முறை முயன்றார்; மூன்று முறையும் அதே வரிதான்.

அந்த வரியின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. வட்டில் ஒன்றுமில்லாத கணினி நெட்வொர்க் வழியாக எழ வேண்டுமானால், முதலில் அது கேபிளில் 'எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்கும். டிஹெச்சிபி சேவை முகவரியைத் தரும். பூட் கோப்பு எந்தக் கணினியில் எந்தப் பெயரில் இருக்கிறது என்ற விவரமும் அதனோடு கிடைக்க வேண்டும். அதன்பின் டிஎஃப்டிபி என்ற எளிய முறையில், 69ஆம் போர்ட் வழியாக, அந்தக் கோப்பு இறங்கும். இ51 என்றால் முகவரி தர யாருமே முன்வரவில்லை என்று அர்த்தம். எப்படி முன்வருவார்கள்? எங்கள் அலுவலகத்தில் டிஹெச்சிபி, பூட் கோப்பு, ரீஸ்டோர் மென்பொருள் ஆகிய மூன்றையும் அவர்கள் நிறுவியிருந்தது, செத்துக்கிடந்த அதே சர்வரில். பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். செயல்விளக்க நாளில் வரவேற்புக் கணினி உயிர்பெற்றதற்குக் காரணம், அன்று சர்வர் உயிரோடு இருந்தது. இது அவர்களுக்குத் தெரியாமலிருந்திருக்க வாய்ப்பில்லை. தெரியாமலிருந்தால் அது அதைவிட மோசம்.

பையன் மீது எனக்குக் கோபமில்லை. தன் மடிக்கணினியிலேயே அந்தச் சேவைகளை நிறுவி, மாலை நான்கு மணிக்கு எப்படியோ சர்வரை எழுப்பிவிட்டார். அப்போதும் இமேஜ் எறும்பு ஊர்வதுபோல் இறங்கியது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வர வேண்டிய 62 ஜிபி, ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. காரணம், அந்தக் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருந்தது. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும் என்பதால், இணைப்பு அறுந்துபோகாமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைந்து, வெளியே தெரியாமலேயே இருந்திருக்கிறது. ஒரே ஒரு சர்வரை மீட்பதற்கு, ரீஸ்டோர் மென்பொருளை ஏற்றிய நானூறு ரூபாய்ப் பென்டிரைவ் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. நெட்வொர்க் பூட் என்பது நாற்பது ஐம்பது கணினிகள் உள்ள கல்லூரி ஆய்வகங்களுக்கு அருமையான வசதி. எங்களுக்கு விற்றது வசதிக்காக அல்ல, விலைக்காக என்றே இப்போது நினைக்கிறேன்.

ஆறு மணி வாக்கில் விண்டோஸ் எழுந்தது. சி டிரைவைத் திறந்தேன், சரியாக இருந்தது. டி டிரைவையே காணோம்.

"தம்பி, டி டிரைவ் எங்கே?"

பையன் திரையைப் பார்த்தபடியே, "அது இமேஜ்லயே இல்லைங்க சார். நாஸ்ல இடம் பத்தலைன்னு மே மாசமே எடுத்துட்டோம்ங்க" என்றார்.

அன்றிரவு பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். வாரந்தோறும் திங்கட்கிழமை காலை, பச்சை நிற டிக் குறியோடு 'பேக்கப் வெற்றி' என்ற கடிதம் தவறாமல் வந்திருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் அளவு. மே இரண்டாம் வாரம் வரை 470 ஜிபி. மூன்றாம் வாரத்திலிருந்து 62 ஜிபி. கடிதம் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. சி டிரைவை மட்டும் எடுக்கச் சொன்னார்கள், மென்பொருள் அதை வெற்றிகரமாக எடுத்தது. பச்சையைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் விட்டது என் குற்றம். ஆனால் 4 டிபி நாஸ் நிறைந்துவிட்டது என்று ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்திருந்தால், அடுத்த நாளே பெரிய வட்டு வாங்கியிருப்பேன். எட்டு வார நகல்களை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும்படி அமைத்திருந்ததால், டி டிரைவ் அடங்கிய கடைசி இமேஜும் ஜூலையிலேயே போய்விட்டிருந்தது.

உரிமையாளரிடம் கேட்டபோது ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். அதில் 'சிஸ்டம் பேக்கப்' என்றுதான் இருக்கிறதாம். சிஸ்டம் என்றால் விண்டோஸ், தரவுக்கு வாடிக்கையாளரே பொறுப்பாம். அவசர அழைப்புக் கட்டணமாக 11,500 ரூபாய்க்குப் பில்லும் வந்தது. நான் கட்டவில்லை. உங்கள் ஒப்பந்தத்திலும் இந்தச் சொல் இருக்கக்கூடும். எந்த டிரைவ், எந்தக் கோப்புறை, எத்தனை நகல்கள், இடம் நிறைந்தால் யாருக்குத் தகவல் என்று எழுத்தில் கேளுங்கள். செயல்விளக்கம் காட்டுவதாகச் சொன்னால், சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வேறொரு வெற்று வட்டில் அந்தச் சர்வரையே எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் காசு கொடுக்காதீர்கள்.

3பி தாக்கலை ஒருவாறு சமாளித்தோம். 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்திருந்த ஜிஎஸ்டிஆர்-1இல் விற்பனை இருந்தது. 14ஆம் தேதி வெளியான 2பி அறிக்கையில் கொள்முதல் இருந்தது. இரண்டையும் ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கி, மூன்று இரவுகள் உட்கார்ந்து முடித்தோம். கணக்குகளின் கதை வேறு. தணிக்கைக்காக எடுத்து வைத்திருந்த மார்ச் நகல் மட்டுமே மிஞ்சியதால், ஏப்ரல் முதலான பதிவுகளை வாடிக்கையாளர்களிடம் பில் கட்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கி, அக்டோபர் வரை மறுபடி ஏற்றினோம். இரண்டு வாடிக்கையாளர்கள் விலகிவிட்டார்கள்.

ரீஸ்டோர் செய்த சி டிரைவோடு பழைய பேக்கப் அட்டவணையும் திரும்பி வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை காலை வழக்கம்போல் கடிதம் வந்தது: பச்சை டிக், பேக்கப் வெற்றி, 62 ஜிபி.