சமரசர் தொழில்: நீதிமன்ற மையமா, வணிக வழக்கா, தனி அறையா, நடுவர் நாற்காலியா?

"பயிற்சி முடிஞ்சிடுச்சு, இனி கேஸ் எங்கிருந்து வரும்?" 40 மணி நேர மீடியேஷன் (சமரசப்) பயிற்சியை முடித்த வழக்கறிஞர்கள் அடுத்த மாதமே கேட்கும் கேள்வி இது. பயிற்சிக் கட்டணம் கட்டும் முன்பே கேட்டிருந்தால் பலருக்கு ஓராண்டு மிச்சமாகியிருக்கும். தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு நான்கு வாசல்கள் உண்டு. வழக்கு வரும் வழி, கூலி, கைக்கு வரும் பழக்கம் எல்லாமே வாசலுக்கு வாசல் மாறும். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நீதிமன்ற சமரச மையத்தை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது, ஆனால் அங்கே உட்காராதவர் மற்ற இடங்களில் நிலைப்பது அரிது.

நீதிமன்ற சமரச மையம்

2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்து இயங்கும் மையங்களில் நாட்டிலேயே அதுதான் முதலாவது. இங்கே வழக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி நீதிபதியே அனுப்பிவைப்பார். எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் அஃப்கான்ஸ் வழக்கில் வகுத்துத் தந்தது. பாகப்பிரிவினை, குடும்பத் தகராறு, கூட்டு வணிகம், விபத்து இழப்பீடு, பக்கத்து வீட்டுச் சண்டை, நுகர்வோர் புகார் ஆகியவை வரும். போலி ஆவணம், மோசடி என்று தீவிரமான குற்றச்சாட்டு உள்ளவையும், தேர்தல் வழக்குகளும், பலருக்காக ஒருவர் தொடுத்த பிரதிநிதித்துவ வழக்குகளும் வராது.

மையத்தின் சமரசர் பட்டியலில் இடம் பிடிப்பதுதான் கடினம். சமரசத்துக்கான மாதிரி விதிகள் வழக்கறிஞருக்கு 15 ஆண்டு அனுபவம் கேட்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் சமரசத் திட்டக் குழு வகுத்த முறையில் 40 மணி நேரப் பயிற்சியும், 10 வழக்குகளை நடத்திய அனுபவமும் தேவை. தேர்ந்தெடுப்பது உயர் நீதிமன்றம். ஏதோ ஒரு நிறுவனத்தில் வார இறுதி வகுப்பில் வாங்கிய சான்றிதழ் இங்கே கதவைத் திறக்காது. இதைத் தெரியாமல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைய.

கூலி என்று பார்த்தால், தரப்பினரிடம் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. வழக்குக்குச் சில ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம் வரும். வழக்கு முடிந்தால் கூடுதலாகவும் முடியாவிட்டால் குறைவாகவும் கொடுக்கும் ஏற்பாடு பரவலாக இருக்கிறது. இது தவறான ஏற்பாடு என்றே நினைக்கிறோம். பேசி முடிக்கக்கூடாத வழக்கும் உண்டு. அடிபட்டு வந்திருக்கும் பெண்ணை "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்று அழுத்த எந்தச் சமரசருக்கும் பணக் காரணம் இருக்கக்கூடாது.

ஆனால் இங்கே கிடைக்கும் படிப்பு வேறெங்கும் கிடைக்காது. பாகப்பிரிவினை வழக்கு ஒன்று மேசைக்கு வருகிறது என்று வையுங்கள். முதல் கூட்டு அமர்வில் அண்ணன் பட்டாவை நீட்டுவார், தங்கை வாரிசுச் சான்றிதழை நீட்டுவார். இருவருடைய வக்கீல்களும் தீர்ப்புகளை அடுக்குவார்கள். அடுத்து தனி அமர்வு. அண்ணனை வெளியே உட்கார வைத்துவிட்டு, தங்கையிடம் "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அரை நிமிட மௌனத்தைப் பொறுக்க முடியாமல் புதிய சமரசர் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார், கெடுவது அங்கேதான். பொறுத்திருந்தால், "அப்பா காரியத்துக்கு என்னைக் கூப்பிடவே இல்லைங்க" என்று வரும். வழக்கின் எந்தத் தாளிலும் இல்லாத வரி அது. தங்கை சம்மதித்தால் மட்டுமே அதை அண்ணன் காதுக்குக் கொண்டுபோகலாம். அந்த வரி வந்த பிறகுதான் சென்ட் கணக்குப் பேச்சு நகரும்.

இன்னொரு பாடம், வாய்ப்பூட்டு. பேச்சு முறிந்தால் "சமரசம் ஏற்படவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் நீதிமன்றத்துக்கு எழுதக்கூடாது என்று மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. யார் எவ்வளவு தர முன்வந்தார், யார் பிடிவாதம் பிடித்தார் என்று ஒரு வரி எழுதினாலும் அடுத்த முறை அந்த அறையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கட்டப் பஞ்சாயத்துக்கும் சமரசத்துக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் உணர்வதும் இதில்தான். பஞ்சாயத்தில் சொன்னது ஊருக்குத் தெரியும். இங்கே சொன்னது அறையோடு நின்றுவிடும்.

தரப்பினருக்கு ஒரு பண லாபமும் உண்டு. முதல் அமர்விலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி, பேசி முடித்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் முழுதும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினர் தாங்களாகவே வெளியே பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வணிக வழக்குக்கு முந்தைய சமரசம்

வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018-இல் சேர்ந்த 12-ஏ பிரிவுதான் இந்த வாசல். 3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறில், அவசர இடைக்கால உத்தரவு கேட்காவிட்டால், வழக்குப் போடும் முன் சமரசத்துக்குப் போயே தீர வேண்டும். 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு இதைக் கட்டாயம் என்று உறுதி செய்த பிறகு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் மேசையில் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கின.

கட்டணம் 2018 விதிகளிலேயே இருக்கிறது. விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய். தகராறு 10 லட்சம் வரை என்றால் 15,000. 50 லட்சம் வரை 30,000. 1 கோடி வரை 40,000. 3 கோடி வரை 50,000. அதற்கு மேல் 75,000. இரு தரப்பும் சரிபாதி போட்டுக்கொள்ள வேண்டும். இது ஆணைக்குழுவிடம் கட்டும் தொகை. சமரசர் கைக்கு எவ்வளவு, எப்போது வரும் என்பதைப் பட்டியலில் பெயர் கொடுக்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் குறை, ஆள் வராமை. நோட்டீஸ் கிடைத்தும் எதிர்த்தரப்பு எட்டிப்பார்க்காது. 'தொடங்கவே இல்லை' என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூட வேண்டியதுதான். வந்தாலும் கம்பெனி சார்பில் கையெழுத்து அதிகாரம் இல்லாத ஒரு இளநிலை அலுவலர் வந்து "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் சார்" என்பார். முதல் அமர்வுக்கு முன்பே ஒரு கடிதம் போட்டு, எவ்வளவு தொகை வரை முடிவெடுக்கும் அதிகாரத்தோடு யார் வருகிறார் என்று எழுத்தில் வாங்கிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

குடும்ப வழக்கில் மௌனம் எப்படியோ, இங்கே கணக்கு அப்படி. இன்வாய்ஸ், டெலிவரி சலான், லெட்ஜர் மூன்றையும் பக்கத்தில் வைத்து, ஒப்புக்கொண்ட தொகை எது, தகராறில் உள்ள தொகை எது என்று முதல் மணி நேரத்தில் பிரிக்கத் தெரிந்தவர்தான் இங்கே நிலைப்பார். முடிந்த ஒப்பந்தத்துக்கு, ஆர்பிட்ரேஷனில் நடுவர் தரும் தீர்ப்புக்குச் சமமான வலு சட்டப்படியே கிடைக்கிறது. இது பெரிய பலம்.

தனி அறை

நீதிமன்றமோ ஆணைக்குழுவோ இல்லாமல் சொந்தமாகச் சமரசம் நடத்துவதுதான் தனி அறை. பணமும் சுதந்திரமும் இங்கேதான். முதல் வழக்கு எப்போது வரும் என்ற ஏக்கமும் இங்கேதான். கட்டணத்தை நாளுக்கு இவ்வளவு, அமர்வுக்கு இவ்வளவு என்று நீங்களே வைக்கலாம். கோப்பு படிக்கும் நேரத்துக்குத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். இரு தரப்பும் சரிபாதி, முதல் அமர்வுக்கு முன்பே முன்பணம். முடிந்த தொகையில் சதவீதம் கேட்கவே கூடாது. கேட்ட நிமிடமே நீங்கள் தொகையைக் கூட்டப் பார்க்கும் மூன்றாவது தரப்பாகிவிடுவீர்கள்.

வழக்கை அனுப்புவது மக்கள் அல்ல, மற்ற வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும்தான். தங்கள் கட்சிக்காரர் முன்னால் உங்களால் தங்களுக்கு மரியாதைக் குறைவு வராது என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டும். அந்த நம்பிக்கை வளரும் இடம் நீதிமன்ற மையத்தின் மேசை. எதிரே உட்காரும் இரண்டு வக்கீல்களும் உங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே ஐம்பது வழக்கு பார்த்தவருக்குக் கிட்டத்தட்ட நூறு வக்கீல்கள் சாட்சி. இணையதளமும் விசிட்டிங் கார்டும் இதற்கு ஈடாகாது.

சட்ட வலுவில் ஒரு கண்ணி இருக்கிறது. 2023 சமரசச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சமரச ஒப்பந்தத்தை டிக்ரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) போல நிறைவேற்றலாம் என்கிறது. ஆனால் 2023 அக்டோபர் 9 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த பிரிவுகளில் 27 இல்லை. ஆகவே கையெழுத்து வாங்கும் நாளில் அந்தப் பிரிவு நடைமுறையில் இருக்கிறதா என்று அரசிதழைப் பார்த்துவிட வேண்டும். இல்லாத பட்சத்தில் 1996 நடுவர் மற்றும் இணக்கச் சட்டத்தின் மூன்றாம் பாகத்தின் கீழ் இணக்க நடவடிக்கையாகத் (கன்சிலியேஷன்) தொடக்கத்திலேயே எழுத்தில் வகைப்படுத்தி, 73, 74 பிரிவுகளின்படி முடித்தால் நடுவர் தீர்ப்பின் வலு கிடைக்கும். இதைச் செய்யாமல் வெறும் ஒப்பந்தமாக விட்டால், பணம் தராதவர் மேல் புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டிவரும். சமரசத்துக்கு வந்தவருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

நடுவர் நாற்காலி

பலர் சமரசத்தையும் ஆர்பிட்ரேஷனையும் ஒரே படிப்பாக நினைக்கிறார்கள். வருமானத்தில் ஒப்பிடவே முடியாது. 1996 சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி 1 கோடித் தகராறுக்கு 3,37,500 ரூபாய். தனி நடுவர் என்றால் அதில் 25 சதவீதம் கூடுதல். அதே தகராறு 12-ஏ வழியில் வந்தால் மொத்தக் கட்டணமே 40,000. ஆனால் நடுவர் வேலை ஓராண்டும் அதற்கு மேலும் இழுக்கும். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, காரணங்களோடு தீர்ப்பு எழுதுதல், பிறகு தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் 34-ஆம் பிரிவு மனுவில் அது அடிபடுமா என்ற கவலை எல்லாம் சேர்ந்த தொகை அது. சமரசம் மூன்று நான்கு அமர்வில் முடிந்துவிடும்.

இரண்டும் எதிரெதிர்ப் பழக்கங்கள். யார் சொல்வது சரி என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதிக்கொண்டே கேட்பது நடுவரின் கடமை. சமரசர் அப்படிக் கேட்டால் முகத்தில் தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற நீதிபதிகளில் சிலர் நல்ல சமரசராக ஆவதற்கு இரண்டு மூன்று ஆண்டு எடுப்பதற்கும் இதுவே காரணம்.

மக்கள் நீதிமன்றத்தை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. விபத்து இழப்பீட்டுக்கும் செக் கேஸுக்கும் அருமையான ஏற்பாடு அது. ஒரே நாளில் ஒரு அமர்வு எத்தனையோ கோப்புகளைப் பார்க்கும். அதில் ஒருவர் தொழில் வளர்த்துக்கொள்ள இடமில்லை.

எந்த வாசலில் போனாலும் கெடும் இடம்: ஒப்பந்தத்தின் எழுத்து

மாலை ஆறு மணிக்கு எல்லோரும் களைத்துப்போய், "எழுதிக் கொடுங்க சார், கையெழுத்துப் போட்டுடறோம்" என்பார்கள். அப்போது இப்படி எழுதிவிடுவோம்: "எதிர்மனுதாரர் ரூ. 12 லட்சத்தைத் தவணைகளில் செலுத்துவார்." இதை வைத்துக்கொண்டு நிறைவேற்று மனு போட்டால் எந்தத் தவணை எப்போது தவறியது என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத வேண்டியது: ரூ. 3,00,000 வீதம் நான்கு தவணை, ஒவ்வொன்றின் தேதி, எந்த வங்கிக் கணக்கு, ஒரு தவணை 15 நாளுக்கு மேல் தவறினால் மீதி முழுதும் எத்தனை சதவீத வட்டியோடு உடனே தர வேண்டும் என்பது.

சொத்து வழக்கில் இரண்டு கண்ணிகள். வழக்கின் சொத்து விவரத்தில் இல்லாத இன்னொரு மனையையும் சமரசத்தில் சேர்த்தால், அந்த டிக்ரியைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தரும் விலக்கு அதற்குக் கிடையாது. பங்குதாரர்களில் மைனர் இருந்தால், நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அவர் சார்பில் செய்த சமரசம் பின்னாளில் உடையும்.

இருவரும் சேர்ந்து இரண்டு கட்டமாக மனு போடும் பரஸ்பர விவாகரத்தில் பணத்தின் நேரம் முக்கியம். முழுத் தொகையும் முதல் மனுவின்போதே கைமாறினால் இரண்டாவது மனுவுக்கு ஒருவர் வராமல் போகலாம். முழுதையும் கடைசிக்கு வைத்தால் இன்னொருவர் தவிப்பார். முதலில் பாதி, இரண்டாவது மனு அன்று நீதிமன்றத்தில் வைத்தே டிடியாக மீதி என்று எழுதுவது இருவரையும் காக்கும். நகைப் பட்டியலைப் பவுன் கணக்கோடு இணைக்காமல் முடித்த ஒப்பந்தம் மீண்டும் சண்டைக்கு வரும்.

யாருக்கு எது

பதினைந்து ஆண்டாவது சிவில் பக்கம் இருந்தவர், வாரத்தில் இரண்டு பிற்பகலை ஒதுக்க முடிந்தால் நீதிமன்ற மையத்துக்கு விண்ணப்பிக்கலாம். வழக்குத் தொழிலை விடக்கூடாது. மூன்றாம் ஆண்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வணிகப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். தனி அறை அதற்கப்புறம். ஐந்தாண்டுகூட ஆகாத இளைய வழக்கறிஞர் சமரசர் நாற்காலிக்கு அவசரப்படுவதைவிட, சமரச அறையில் கட்சிக்காரருக்குத் துணையாக உட்காரும் வக்கீலாகப் பழகுவது நல்லது. அந்த வேலையை நன்றாகச் செய்பவர்களுக்கு இப்போதே பஞ்சம். பொறியாளர், ஆடிட்டர், மனநல ஆலோசகர் போன்றோருக்கு மாதிரி விதிகளிலேயே இடமுண்டு. அவரவர் துறைத் தகராறுகளில், ஒரு வழக்கறிஞரோடு சேர்ந்து இணைச் சமரசராக உட்கார்வது அவர்களுக்கு உகந்தது.

வழக்கறிஞர், சமரசர் என்று தொழிலை இரண்டாகப் பிரித்து நடத்துபவர்கள் ஒரு பதிவேடு வைத்துக்கொள்ள வேண்டும். தரப்பினர் பெயர், அவர்களுடைய நிறுவனங்கள், வக்கீல்கள், தேதி இவ்வளவு போதும். சமரசராக இருந்த தகராறில் பிறகு யார் பக்கமும் வக்காலத்துப் போட முடியாது. உங்கள் ஜூனியர் போட்டாலும் பேச்சு கிளம்பும். புதிய கட்சிக்காரர் வாசலில் வந்து உட்காரும்போதே அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் கோப்பைக் கையில் வாங்குங்கள்.